வெளியே வர வழி இருக்கிறதா?

கடை, கிளினிக், பள்ளி, அறக்கட்டளை என்று எல்லா இடத்திலும் டேட்டாபேஸ் வந்துவிட்டது. அதைக் கையாளும் மென்பொருளைத்தான் யாரோ சொன்னார்கள் என்று எடுத்துவிடுகிறோம். அதற்கான விலை பத்து வருடம் கழித்துத் தெரிகிறது.

புதுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. வாசலில் துண்டு பேல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கல்லாவில் முதலாளி, பக்கத்தில் கணக்கெழுதும் பெண். பழைய கம்ப்யூட்டரிலிருந்து பென்டிரைவில் எடுத்து வந்த பில் போடும் புரோகிராமை அந்தப் பெண் மூன்றாவது முறையாகக் கிளிக் செய்தார். ‘இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது’ என்ற அதே அறிவிப்பு மூன்றாவது முறையாக வந்தது.

“பழசு ரெண்டு வருசமா மக்கர் பண்ணுச்சுங்க தம்பி. அதான் புதுசு வாங்குனேன். இதுல ஓடவே மாட்டேங்குது. ஊர் ஊரா நிக்கிற பாக்கி பூராவும் அதுக்குள்ளதாங்க கெடக்கு” என்றார் முதலாளி. புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். “அப்ப காலேஜ் முடிச்ச பையன். இப்ப எங்க இருக்கான்னே தெரியலைங்க.”

அது டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதிய புரோகிராம். 90களில் ஊருக்கு ஊர் இருந்த கம்ப்யூட்டர் சென்டர்களில் டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் எழுதிக் கொடுத்தவற்றில் ஒன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. பழைய டாஸ் புரோகிராம்கள் அதில் நேரடியாக ஓடாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய பல இடங்களில் இப்போது இதே கேள்வி எழுந்திருக்கிறது: இனி எதில் கணக்கு வைப்பது?

செத்துப்போன மென்பொருளும் சாகாத கோப்பும்

ஃபாக்ஸ்புரோவை உருவாக்கிய அமெரிக்க நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. இனி அடுத்த பதிப்பு வராது என்று 2007-இல் அறிவித்தது. கடைசிப் பதிப்புக்கான ஆதரவும் 2015 ஜனவரியில் நின்றுவிட்டது. மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. புதியவையும் இதற்கு விலக்கில்லை: இதே மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ்களைக் கையாள இலவசமாகத் தந்த ‘அஷூர் டேட்டா ஸ்டூடியோ’வுக்கும் 2026 பிப்ரவரி 28-உடன் ஆதரவு முடியும் என்று 2025-லேயே அறிவித்துவிட்டது.

ஈரோட்டுக் கடையில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி வழியாக என் லேப்டாப்பில் மாட்டினோம். புரோகிராம் இருந்த ஃபோல்டரில் ‘டிபிஎஃப்’ என்று முடியும் கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றை இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் திறந்தேன். கட்டங்கள் விரிந்தன. தலைப்புகள் எல்லாம் சுருக்கெழுத்துபோல இருந்தன. அந்தக் கோப்பு முறையில் ஒரு தலைப்புக்கு 10 எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. ஆனால் பெயர், ஊர், பாக்கித் தொகை எல்லாம் அப்படியே இருந்தன. முதலாளி திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். ஒரு பெயரில் விரல் நின்றது. “இவரு தவறிட்டாருங்க. பையன் வந்து நேர் பண்ணிட்டுப் போனான்.”

புரோகிராம் செத்தும் கணக்கு பிழைத்ததற்கு ஒரே காரணம், டிபிஎஃப் என்ற கோப்பின் அமைப்பு உலகுக்குத் தெரிந்திருந்தது. எவர் எழுதிய மென்பொருளும் அதைப் படிக்கலாம். இதுவே பூட்டிய ஏதோ ஒரு கோப்பாக இருந்திருந்தால், அந்தக் கடையின் கால் நூற்றாண்டுக் கொடுக்கல் வாங்கல் அன்றோடு போயிருக்கும். டேட்டாபேஸ் மென்பொருள் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: இதிலிருந்து என் தரவோடு வெளியே வர வழி இருக்கிறதா?

எக்செல் போதாதா?

விலைப்பட்டியல் போடவும் மாதச் செலவு கூட்டவும் எக்செல் அருமையான கருவி. பெயர், முகவரி, எண்கள், கொடுக்கல் வாங்கல் என்று வருடக்கணக்கில் சேரும் பதிவுகளுக்கு அது சரிப்படாது. ஆதார் எண் 12 இலக்கம். எக்செல் கட்டத்தில் சும்மா தட்டினால், நடுவில் புள்ளியும் ஓர் ஆங்கில எழுத்துமாக அதைச் சுருக்கிக் காட்டும். 16 இலக்க அட்டை எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும்; 15 இலக்கத்துக்கு மேல் அது நினைவில் வைப்பதில்லை. வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும். மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது.

டேட்டாபேஸில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பத்திக்கும் இது எழுத்து, இது எண், இது தேதி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளர் பெயர் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். பில்கள் அதைச் சுட்டும். ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையில் பிறந்த யோசனை இது. இன்றைக்கும் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

---
பெட்டிச் செய்தி: வரிசை தீர்ந்ததால் விடுபட்ட 15,841 பேர்

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் போனார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய பட்டியலைச் சுகாதாரத் துறை பழைய எக்செல் கோப்பு வடிவில் ஏற்றியது. அந்த வடிவில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அந்த நாட்களில் தாமதமானது. இன்றைய எக்செல் வடிவில் 10,48,576 வரிசைகள் உண்டு. அளவு கூடியிருக்கிறது, எல்லை இன்னும் இருக்கிறது.

---

பலசரக்குக் கடையா, கிடங்கா?

‘டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறோம். பாதிக் குழப்பம் இங்கேதான்.

முதல் வகை, பலசரக்குக் கடை மாதிரி. அரிசி மூட்டையும் தராசும் கல்லாவும் ஒரே அறைக்குள். தரவை வைக்கும் இடம், உள்ளே போடும் படிவம், அறிக்கை அச்சிடும் வசதி எல்லாம் ஒரே மென்பொருளில் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் அக்சஸ், லிப்ரே ஆஃபிஸ் பேஸ், ஃபைல்மேக்கர் ஆகியவை இந்த வகை. புரோகிராம் எழுதத் தெரியாத ஒருவரும் பயிற்சி எடுத்தால் படிவம் அமைத்துவிடலாம்.

இரண்டாம் வகையில் சரக்கு வேறொரு கிடங்கில் இருக்கும். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர்கள்தான் அந்தக் கிடங்கு. டிபீவர், ஹைடிஎஸ்க்யூஎல், பிஜி அட்மின், மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச் போன்றவை உள்ளே எட்டிப் பார்க்கவும் எடுத்து வைக்கவும் உதவும் கவுண்டர்கள். கவுண்டரை மாற்றினாலும் கிடங்கு அப்படியே இருக்கும். ஆனால் டிபீவரை இறக்கிக் கல்லாவில் வைத்துவிட்டு, “பில் போடு” என்றால் முடியாது. அது பொறுப்பாளருக்கான கருவி.

இரண்டுக்கும் நடுவில் எஸ்க்யூலைட். 2000-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் எழுதியது. சர்வர் வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு. உங்கள் கைப்பேசிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் உங்கள் உரையாடல்களை அதில்தான் சேமிக்கிறது. யாருக்கும் காப்புரிமை கிடையாது. 2050 வரை ஆதரவு தருவதே நோக்கம் என்று எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தரவை நெடுங்காலம் காக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அதைப் பரிந்துரைக்கிறது. வெளியே வரும் வழி இவ்வளவு அகலமாக இருக்கும் டேட்டாபேஸைக் காண்பது அரிது.

---
பெட்டிச் செய்தி: யாருக்கு எது?

ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள், உறுப்பினர் பட்டியல் அளவு வேலை: எஸ்க்யூலைட். அதைத் திறக்க ‘டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்’ என்ற இலவச மென்பொருள். படிவம் கிடையாது, எக்செல் போலக் கட்டத்தில் தட்டலாம்.

படிவமும் அச்சும் வேண்டும், விண்டோஸ் மட்டும்: மைக்ரோசாஃப்ட் அக்சஸ். ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது. மேக்கில் ஓடாது.

அதே வேலை, இலவசமாக: லிப்ரே ஆஃபிஸ் பேஸ். அதன் உள்ளேயே பதியும் டேட்டாபேஸைச் சிறு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய வேலைக்கு மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸோடு இணைப்பது பாதுகாப்பு.

பல கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் வேலை: மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ் சர்வர். கோப்பு வடிவ டேட்டாபேஸை வைஃபை வழியே நான்கு பேர் திறந்து எழுதினால் கெடும் வாய்ப்பு அதிகம்.

பலவகை டேட்டாபேஸ்களைப் பார்க்கும் பொறுப்பாளர்: டிபீவர் கம்யூனிட்டி பதிப்பு. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி மட்டும் போதுமென்றால் எடை குறைந்த ஹைடிஎஸ்க்யூஎல்.

---

ஒரு வரி விட்டுப்போனால்

டேட்டாபேஸிடம் வேலை சொல்லும் மொழி எஸ்க்யூஎல். ஒரு ரகத் துண்டின் விலையை 155 ஆக்க வேண்டும் என்று வையுங்கள். ‘விலையை 155 ஆக்கு’ என்பது ஒரு வரி. ‘எந்த ரகத்துக்கு’ என்பது அடுத்த வரி. அது ‘வேர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும். இரண்டாவது வரியை மறந்துவிட்டு ஓட்டினால், கடையில் இருக்கும் அத்தனை ரகத்துக்கும் விலை 155. கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. எக்செல் பழக்கத்தில் ‘அன்டூ’வைத் தேடினால், மாற்றம் ஏற்கெனவே பதிவாகிவிட்ட பிறகு அது உதவாது.

மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச், ‘வேர்’ வரி இல்லாத திருத்தத்தையும் அழிப்பையும் முதலிலேயே தடுத்து நிறுத்தும்; வேண்டுமென்றே அந்தப் பூட்டைக் கழற்றினால்தான் விடும். டிபீவர் “நிபந்தனை இல்லையே, ஓட்டட்டுமா?” என்று கேட்கும். அதிலேயே சோதனைக்கான இணைப்புக்கு ஒரு நிறம், உண்மையான இணைப்புக்கு வேறு நிறம் என்று கொடுத்துவைக்கலாம். டிபி பிரவுசரில் நீங்கள் செய்த திருத்தங்கள், ‘மாற்றங்களை எழுது’ பொத்தானை அழுத்தும்வரை கோப்பில் ஏறாது. பக்கத்திலேயே ‘மாற்றங்களைக் கைவிடு’ பொத்தான் இருக்கிறது.

மென்பொருளின் விளம்பரப் பக்கத்தில் இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எனக்கு இவைதான் முதல் தகுதி. களைப்பான மாலை 7 மணிக்கு, போனில் பேசிக்கொண்டே வேலை செய்கிற ஒரு மனிதருக்கு இரண்டாவது வாய்ப்பு தருகிற மென்பொருளே நல்ல மென்பொருள்.

பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கை

கைதேர்ந்தவர்களுக்கும் தவறு நேரும். 2017 ஜனவரி 31 இரவு, உலகெங்கும் புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் சிக்கலைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டாம் நிலை சர்வரில் ஒரு ஃபோல்டரைக் காலி செய்வதாக எண்ணி, முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் புரிந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சியது.

பேக்கப் எடுக்கப் பல ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. முக்கியமான ஒன்று தோற்ற காரணத்தைக் கவனியுங்கள்: டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாமல் கருவி தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. அந்தப் பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது. நடந்ததை ஒளிக்காமல் கிட்லேப் முழுமையாக வெளியிட்டதால்தான் நாம் பாடம் படிக்க முடிகிறது.

சின்னக் கடைக்கும் பாடம் அதேதான். பேக்கப் எடுப்பது பாதி வேலை. அந்தக் கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால்தான் மீதிப் பாதி முடியும்.

ஓசி சாஃப்ட்வேரின் விலை

“நம்ம பையன் ஒருத்தன் ஃப்ரீயா போட்டுத் தந்துடுவான்.” காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் பூட்டு உடைத்துத் தருவதற்கு இப்படியொரு நல்ல பெயர். டேட்டாபேஸ் விஷயத்தில் இதைவிட ஆபத்தான சிக்கனம் இல்லை. இந்த மென்பொருளிடம்தான் உங்கள் டேட்டாபேஸின் பாஸ்வேர்டையே கொடுக்கிறீர்கள்.

ஆரக்கிள் டேட்டாபேஸுக்கான பிஎல்எஸ்க்யூஎல் டெவலப்பர் என்ற கருவியின் பூட்டுடைத்த நகல்களில், டேட்டாபேஸோடு இணைந்ததும் தானாக ஓடும் ஒரு சின்னக் கோப்பில் நச்சுக் கட்டளைகளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். 2016-இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. டேட்டாபேஸ் உருவாகி 1,200 நாட்கள் ஆகும்வரை அது அமைதியாகக் காத்திருக்கும். அதற்குள் முக்கியமான தரவு நிறையச் சேர்ந்திருக்கும். பிறகு முடக்கிவிட்டு, திறக்க 5 பிட்காயின் கேட்கும். மூன்று வருடத்துக்கு முன் நிறுவியதற்கும் இன்றைய முடக்கத்துக்கும் தொடர்பு உண்டென்று யார் நினைப்பார்கள்?

டிபீவர், ஹைடிஎஸ்க்யூஎல், பிஜி அட்மின், டிபி பிரவுசர் எல்லாம் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கும்போது திருட்டு நகலுக்குத் தேவையே இல்லை. அதையும் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கண்ணன் முதலா, கணபதி முதலா?

தமிழில் பதிவு வைப்பவர்கள் செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனை உண்டு. கண்ணன், கணபதி, கமலா, கனகா என்று நான்கு பெயர்களை உள்ளே போட்டு அகர வரிசைப்படுத்துங்கள். நம் அகராதி முறையில் ‘ண்’ முதலில், ‘ண’ பிறகு. ஆகவே கண்ணனுக்கு அடுத்துதான் கணபதி. மெய்களில் ‘ன’ கடைசி. ஆகவே கமலாவுக்கு அடுத்து கனகா. ஆனால் யூனிகோடு அட்டவணையில் ‘ந’வை அடுத்தே ‘ன’ இருக்கிறது. புள்ளியோ எல்லா எழுத்துக்கும் பின்னால் இருக்கிறது. அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் கணபதி, கண்ணன், கனகா, கமலா என்று தரும். எஸ்க்யூலைட் இயல்பாக இப்படித்தான் அடுக்கும். போஸ்ட்கிரெஸில் தமிழ் வரிசை முறையைத் தேர்ந்துகொள்ளலாம். 40 பெயர்களில் இது பெரிதாகத் தெரியாது. பல ஆயிரம் பெயர் கொண்ட பள்ளிப் பதிவேட்டை அச்சிட்டுத் தேடும்போது, இருக்கிற பெயரையே இல்லை என்று சொல்லிவிடுவோம்.

இதற்கும் முந்தைய சிக்கல், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். அவற்றில் தட்டியது திரைக்குத் தமிழ். கோப்புக்குள் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றாமல் புது டேட்டாபேஸுக்குள் ஏற்றினால் குப்பையைப் பத்திரப்படுத்தியதாகும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. பல அலுவலகங்களின் பழைய பட்டியல்கள் இன்னும் மாறவில்லை.

சட்டமும் பார்த்துக்கொண்டிருக்கிறது

வாடிக்கையாளரின் போன் நம்பரும் நோயாளியின் மருத்துவக் குறிப்பும் நம்மிடம் இருக்கின்றன, நமக்குச் சொந்தமல்ல. 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. மேசையில் கிடக்கும் எக்செல் கோப்பைப் பென்டிரைவில் அள்ளிப் போக அரை நிமிடம் போதும். சர்வர் வகை டேட்டாபேஸில் பில் போடுபவர் பார்க்கலாம், சேர்க்கலாம், அழிக்கக் கூடாது என்று ஆளுக்கொரு உரிமை பிரித்துக் கொடுக்க முடியும்.

---
பெட்டிச் செய்தி: வாங்கும் முன் ஒரு மணி நேரச் சோதனை

1. உங்கள் உண்மையான தரவில் 100 பதிவுகளை ஏற்றுங்கள்.
2. தமிழ்ப் பெயர்களைத் தேடுங்கள், வரிசைப்படுத்துங்கள், அச்சிடுங்கள்.
3. வேண்டுமென்றே ஒரு தவறு செய்யுங்கள். தடுக்கிறதா, கேட்கிறதா, பேசாமல் விடுகிறதா?
4. எல்லாவற்றையும் சிஎஸ்வி அல்லது எஸ்க்யூஎல் கோப்பாக வெளியே எடுங்கள்.
5. அந்தக் கோப்பை வேறு கம்ப்யூட்டரில், வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். எண்ணிக்கை சரியா?
6. சந்தா கட்டாமல் விட்டால் பழைய தரவைத் திறக்க முடியுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

---

ஈரோட்டுக் கடைக்கு என்ன செய்தோம்? அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள். அதனால் புதியதில் மரியாடிபி சர்வர், இரண்டிலும் லிப்ரே ஆஃபிஸ் பேஸில் அமைத்த படிவம். என்னைப் போன்றவர்கள் எப்போதாவது உள்ளே பார்க்க ஹைடிஎஸ்க்யூஎல். வாரம் ஒருமுறை மொத்தத் தரவும் எஸ்க்யூஎல் கோப்பாகப் பென்டிரைவில் ஏறி வீட்டுக்குப் போகிறது. மென்பொருளுக்குச் செலவு ஒன்றுமில்லை. பழைய கணக்கைச் சுத்தம் செய்து ஏற்றத்தான் பத்து நாட்கள் ஆயின.

கடைசி நாள் முதலாளி இரும்பு பீரோவைத் திறந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்து வந்தார். கம்ப்யூட்டர் கைவிட்டபோது, கடைசியாக அச்சிட்டு வைத்திருந்த பட்டியலைப் பார்த்து அந்தப் பெண் கையால் எழுதிய பாக்கிக் கணக்கு. என் லேப்டாப்பில், கடைக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு மென்பொருளில், பேக்கப் கோப்பைத் திறந்து மொத்தம் போட்டேன். அவர் பேரேட்டின் அடியில் இருந்த தொகையைச் சத்தமாக வாசித்தார். ரூபாய் ஒத்துப்போனது. பைசாவும் ஒத்துப்போனது.

“நேராயிடுச்சுங்க” என்றார். பிறகு பேரேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, மென்பொருள்களின் பெயர், கோப்பு இருக்கும் இடம், மீட்கும் முறை எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொல்லித் தமிழில் எழுதச் சொன்னார். பாஸ்வேர்டை மட்டும் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். “நாளைக்கு நாம யாரும் இல்லாட்டியும் எம் பொண்ணு வந்து தெறந்து பாத்துக்கோணுமுங்க” என்று சொல்லி, உறையையும் பேரேட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.